பள்ளிக்கூடம் அடைத்த பின் வரும் பகல்கள்

‘பள்ளிக்கூடம் அடைச்சாச்சு’ என்றுதான் கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய தலைமுறை இன்றும் சொல்கிறது. ஏப்ரல் கடைசியில் ஆண்டுத் தேர்வு முடிந்து அந்தச் சொல் வீட்டுக்குள் வந்ததும், முதல் மூன்று நாள்கள் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் தொலைக்காட்சியிலும் கழிந்துவிடுகின்றன. நான்காம் நாள் காலை, தோசைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள், ‘இனி நான் என்ன செய்ய?’ என்ற கேள்வி அடுக்களை வாசலில் வந்து நிற்கிறது. அதற்கு விடை சொல்ல முடியாத தாய் கைப்பேசியை எடுத்துக் கொடுக்கிறாள். கொடுத்துவிட்டு நாள் முழுவதும் அதை நினைத்து வருந்துகிறாள். இந்த வருத்தம் ஒரு வீட்டின் குறை அன்று. நம் ஊரின் நிலமும் தொழிலும் குடும்பமும் கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் மாறிய விதத்தோடு அது பின்னிக் கிடக்கிறது.

முதலில் எத்தனை நாள்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்கலாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்களையும், 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலை நாள்களையும் வரையறுக்கிறது. 220 நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகூட 145 நாள்கள் வீட்டில் இருக்கிறது. இதில் சனி, ஞாயிறுகளும், காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம், சுசீந்திரம் தேரோட்டம் என்று நம் மாவட்டத்துக்கே உரிய உள்ளூர் விடுமுறைகளும் அடங்கும். உள்ளூர் விடுமுறையில் ஊரே கூடுவதால் பிள்ளைகளுக்கு அன்று வேலை இருக்கும். கோடையின் ஐந்து, ஆறு வாரங்கள்தான் கடினமானவை. வெயிலின் கடுமையால் பள்ளித் திறப்பு 2023-இல் ஜூன் 12-க்கும் 2024-இல் ஜூன் 10-க்கும் தள்ளிப்போனபோது, நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருந்த பெற்றோர் அடைந்த திகைப்பை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த நீளம் என்னவென்று தெரியும்.

நம் ஊர்ப் பெயர்களில் பாதி ‘விளை’ என்று முடிகின்றன. தென்னையும் மாவும் அயினியும் கொல்லாமா என்கிற முந்திரி மரமும் பனையும் கலந்து நின்ற, பெரும்பாலும் வேலி இல்லாத மேட்டு நிலத்துக்கு அந்தப் பெயர். ஒருவருடைய விளையில் புகுந்து மற்றவருடைய விளையில் வெளியேறும் ஒற்றையடிப் பாதைகளில் ஊர்ப் பிள்ளைகள் கூட்டமாகத் திரிந்தார்கள். அங்கே யாருக்கும் யாரும் பொழுதுபோக்கு ஏற்பாடு செய்து தரவில்லை. விளைகள் பங்கு பிரிந்து மனைகளாகி, மனைக்கொரு சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் வந்தபின் அந்தப் பாதைகள் மறைந்தன. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பல விளைகள் ரப்பர்த் தோட்டங்களாயின. ரப்பர் நிழலில் பிள்ளைகள் விளையாடப் பழமும் இல்லை, ஏறக் கிளையும் இல்லை. கிழக்கே நாஞ்சில் நாட்டில், அறுவடை முடிந்த வயல்கள் மே மாதத்தில் கிரிக்கெட் மைதானங்களாக இருந்தன. அவற்றில் பல இன்று வாழைத் தோட்டங்களாகவும் வீட்டு மனைகளாகவும் ஆகிவிட்டன. பிள்ளை வெளியே போகவில்லை என்று குறைசொல்லும் நாம், கதவைத் திறந்தால் அது போவதற்கு என்ன ‘வெளி’ மிச்சம் இருக்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடத்தைப் போலவே பெரியவர்களின் வேலையும் பிள்ளைகளின் கண்ணை விட்டு விலகிவிட்டது. தாய் அண்டியாபீஸ் என்கிற முந்திரி ஆலைக்கோ துணிக்கடைக்கோ காலையில் போனால் மாலையில்தான் திரும்புகிறாள். ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போகும் தகப்பன் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். வளைகுடாவுக்குப் போனவர்கள் திரையில்தான் வருகிறார்கள். தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் ஒரு முறை படகேறினால் வாரக்கணக்கில் கரை காண்பதில்லை. முன்பு முற்றத்திலேயே நடந்த புளி குத்துதல், நெல் அவித்தல், ஓலை முடைதல், கருப்பட்டி காய்ச்சுதல் ஆகியவை பிள்ளைகளைக் கேட்காமலே அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டன. ஆச்சி புளி குத்தினால் பக்கத்தில் உட்கார்ந்து புளிமுத்தைப் பொறுக்குவது பேரப்பிள்ளையின் வேலை. பொறுக்கிய முத்துதான் அன்று பிற்பகல் பல்லாங்குழிக்குக் காயானது. வேலைக்கும் விளையாட்டுக்கும் நடுவே கோடு கிடையாது. இன்று புளி பொதியாகக் கடையிலிருந்து வருகிறது, பிள்ளைக்கு அந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ‘பொழுது போகவில்லை’ என்று ஒரு பத்து வயதுப் பிள்ளை சொல்லும்போது, விளையாட்டுப் பொருள் குறைவு என்று அது முறையிடுவதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. தன்னால் ஆகவேண்டிய காரியம் எதுவும் இந்த வீட்டில் இல்லை என்பதைத்தான் அது தனக்குத் தெரிந்த சொல்லில் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த வெற்றிடத்தில்தான் கைப்பேசி வந்து உட்கார்ந்தது. 2020-இல் தொற்றுக்காலத்தில் பாடத்துக்காகவே அதைக் கையில் கொடுத்தோம்; பாடம் பள்ளிக்குத் திரும்பிய பின்னும் கருவி வீட்டிலேயே தங்கிவிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஐந்திலிருந்து பத்து வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் வேர்க்க அசையவேண்டும் என்கிறது. இந்த எண்களை எல்லா வீடுகளும் அறிந்திருக்கின்றன. கடைப்பிடிக்க முடியாமல் தவிப்பதுதான் உண்மை. அரைமணிக்கொரு முறை கடிகாரத்தைப் பார்த்துச் சண்டை போடுவதைவிட, இன்ன நேரத்தில் மட்டும்தான் என்று நாளுக்குள் ஓர் இடம் குறித்துவிடுவது எங்கள் வீட்டில் பலித்தது. வெளியே நிற்க முடியாத வெயில் நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம். அது தவிர மற்ற நேரங்களில் கைப்பேசி ஆச்சியின் அலமாரியில் இருக்கும். பேரம் பேசுவதற்கு ஆள் இல்லாதபோது பேரம் தானாக நின்றுவிடுகிறது.

படித்தது மறந்துபோகுமே என்ற கவலை, 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடத்தில் நின்ற நம் மாவட்டத்தில் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996-இல் அமெரிக்காவில் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்ட கோடை விடுமுறைக்குப் பின் மாணவர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பைத் தவறவிட்டிருந்தார்கள் என்றும், வாசிப்பைவிடக் கணக்கில் அந்த இழப்பு அதிகம் என்றும் கண்டார்கள். அங்கே விடுமுறை நம்முடையதைவிட நீளம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இதற்காக மே மாதத்திலேயே அடுத்த வகுப்புப் பாடத்துக்குத் தனிப்பயிற்சி வைப்பது தேவையற்றது என்று புரியும். நாளுக்கு அரைமணி நேரம் கணக்கு கையில் புரண்டுகொண்டிருந்தால் போதும். அதற்குப் புத்தகம்கூட வேண்டாம் என்பதைச் சென்ற மே மாதம் எங்கள் வீட்டு முற்றத்தில் கண்டேன்.

பக்கத்து வீட்டாரின் விளையில் இரண்டு கொல்லாமாக்கள் இன்னும் நிற்கின்றன. விழுந்த பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுக்க எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் அனுமதி கிடைத்தது. மகன், மகள், அடுத்த வீட்டு மூவர் என்று ஐந்து பேர் எட்டு நாள் பொறுக்கினார்கள். முற்றத்துச் சாக்கில் காயவைத்தார்கள். ஒன்பதாம் நாள் என் அம்மா மூன்று கல் கூட்டி, கொதும்பும் சில்லாட்டையும் அடுக்கி, ஓட்டை விழுந்த பழைய இரும்புச் சட்டியை அதன்மேல் வைத்தார். எல்லார் கையிலும் முதலில் தேங்காய் எண்ணெய் தடவியாயிற்று, ஏனென்றால் கொல்லாங்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்து உரியும். சூடு ஏறியதும் கொட்டைகள் சீறத் தொடங்கின, கறுத்த எண்ணெய் கசிந்து குப்பென்று தீப்பிடித்தது. ‘தள்ளி நில்லு மக்களே, தெறிக்கும்’ என்று சொல்லிக்கொண்டே அம்மா நீளக் கம்பால் கிளறினார். தோடு கரியானதும் சட்டியைக் கவிழ்த்து, மேலே மண்ணை வாரிப் போட்டுத் தீயை அணைத்தார். ஆறியபின் ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பலமாகத் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெல்லத் தட்டினால் தோடு திறக்காது. அந்த இடைப்பட்ட தட்டைக் கண்டுபிடிக்க என் எட்டு வயது மகளுக்கு ஒன்பது கொட்டை பிடித்தது.

உடையாமல் கிடைத்த பருப்பு 63. ஐந்து பேருக்குப் பங்கு வைக்கவேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு போக மூன்று மிஞ்சுகிறது, அதை என்ன செய்வது என்பதில் நெடுநேரம் வழக்கு நடந்தது. மூன்றையும் உடைத்துப் பாதியாக்கினால் ஆறு பாதிகள், ஐந்து பேருக்கு ஒரு பாதி மீதி என்று மகன் தரையில் கரியால் எழுதிக் காட்டினான். கடைசியில் மூன்றும் ஆச்சிக்குப் போயின. பின்னம் என்ற சொல்லை யாரும் அங்கே உச்சரிக்கவில்லை. அடுத்த வாரம் பொறுக்கிய கொட்டையைச் சுடாமல் கடையில் எடைக்குப் போட்டு, கிடைத்த பணத்தைப் பங்கிட்டார்கள். அப்போது தராசையும் விலையையும் பற்றி எழுந்த கேள்விகள் ஒரு வாரப் பாடத்துக்குச் சமம்.

பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது சரியா என்று சிலர் தயங்குவார்கள்; அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்தத் தொழிலிலும் அமர்த்தக்கூடாது என்று ஆயிற்று. அபாயமற்ற குடும்ப வேலைகளில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ வீட்டாருக்கு உதவுவது விலக்காக விடப்பட்டது. ஆகவே தோவாளையில் தாயோடு உட்கார்ந்து பூக்கட்டப் பழகுவதும், தென்னை வெட்டும் நாளில் தேங்காய் எண்ணிக் குவிப்பதும் ஒன்று. செங்கல் சூளையில் கூலிக்குக் கல் அடுக்குவது முற்றிலும் வேறொன்று. பிள்ளை செய்யும் வேலை அதன் கையளவுக்குள் இருக்கவேண்டும், களைத்தால் எழுந்து போகும் உரிமை அதற்கு வேண்டும், பயன் அதன் கண்ணுக்குத் தெரியவேண்டும். இந்த மூன்றும் இருந்தால் அது பிள்ளைக்கு நன்மை செய்கிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள் கல்யாண மாதத்தில் பந்தி பரிமாறும் கேட்டரிங் வேலைக்குப் போவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. சொந்தக் காசு கையில் வரும் பெருமிதத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நள்ளிரவில் பெரியவர்களோடு வண்டியில் திரும்புகிறார்களா, யாருடைய பொறுப்பில் போகிறார்கள், மறுநாள் தூங்க விடுகிறார்களா என்பதைக் கேட்காமல் அனுப்பும் வீடுகளைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது.

பதைக்க இன்னும் பெரிய காரணம் தண்ணீர். கடலும் குளமும் ஆறும் சானல் என்கிற பாசன வாய்க்காலும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் மாவட்டத்தில், கவனிக்க ஆள் இல்லாத விடுமுறைப் பகல் எப்போது வேண்டுமானாலும் துக்கமாக முடியலாம். கோடையில் கடல் அமைதியாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் கள்ளக்கடல் வருகிறது. தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று எழுப்பும் நீண்ட அலைகள், பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ மேகமோ இல்லாத நாளில் திருடனைப் போலக் கரையேறுவதால் நம் மீனவர்களும் கேரள மீனவர்களும் அதற்கு இட்ட பெயர் அது. 2012-இல் யுனெஸ்கோவும் அதே சொல்லை ஏற்றுக்கொண்டது. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த ஐந்து இளைஞர்களை இழந்தது இப்படிப்பட்ட அலையால்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. மே மாதத்தில் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகுமுன் அதைப் பார்ப்பதும், கரையில் உள்ள மீனவர்களிடம் ‘இன்னைக்கு கடல் எப்பிடி இருக்கு?’ என்று கேட்பதும் வழக்கமாகவேண்டும். கேட்பதைப் பிள்ளை பார்க்கவேண்டும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதிகூட அரையாண்டு விடுமுறையில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைதான் என்பதைக் குளச்சலிலும் மணக்குடியிலும் யாரும் மறக்கவில்லை.

குளமும் கல்குவாரிக் குழியும் வேறு வகை. அணை அடைத்திருக்கும் மாதங்களில் சானல்கள் வறண்டுவிடுவதால், நீச்சல் பழகிய இடம் இல்லாத பையன்கள் ஆழம் தெரியாத நீர்நிலைகளைத் தேடிப் போகிறார்கள். கைவிடப்பட்ட குவாரிக்குச் சரிவான கரை இல்லை, காலை எடுத்து வைத்த இடத்திலேயே ஆழம். சுற்றி நிற்கும் பிள்ளைகளில் ஒருவன் தத்தளித்தால் மற்றவன் குதிக்கிறான், இருவரும் போகிறார்கள். அதனால் விடுமுறையின் முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்து, செய்து பார்க்கச் செய்யவேண்டிய பாடம் ஒன்று உண்டு: ஒருவர் மூழ்கினால் குதிக்கக்கூடாது, சத்தம் போட்டுப் பெரியவர்களை அழைக்கவேண்டும், துண்டையோ சேலையையோ நீளக் கம்பையோ காலிக் குடத்தையோ வீசிக் கொடுக்கவேண்டும். எங்கள் தெருவில் மணல் மேல் கோடு போட்டு, கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒருவனைப் படுக்கவைத்து, இந்தப்பக்கமிருந்து சேலையை வீசி இழுக்கும் பயிற்சியைப் பிள்ளைகள் விளையாட்டாகவே மூன்று நாள் செய்தார்கள். நீந்தத் தெரிந்த மாமனோ சித்தப்பாவோ இடுப்பளவு நீரில் நின்று பத்து நாள் பழக்கினால் பிள்ளைக்கு அது ஆயுளுக்கும் கூட வரும். இந்த விடுமுறையில் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்க முடியும் என்று யாராவது சொன்னால், நீச்சலைச் சொல்வேன்.

நகரங்களில் நடக்கும் கோடை முகாம்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஓர் ஆண்டு மகனைப் பத்து நாள் முகாம் ஒன்றில் கட்டணம் கட்டிச் சேர்த்தேன். ஓவியம், களிமண், நடனம், மனக்கணக்கு என்று நாளுக்கு ஆறு வகுப்பு, ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம். கடைசி நாள் அழகான பூ ஜாடி ஒன்றைக் கொண்டுவந்தான். வண்ணம் தீட்டியது ஆசிரியை, தான் பேர் மட்டும் எழுதியதாகச் சொன்னான். அவனுக்குத் தன் கையால் எதையும் முடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. இதற்கு மாறாக, நாகர்கோவில் அறிஞர் அண்ணா விளையாட்டரங்கில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் கோடையில் நடத்தும் பயிற்சி முகாம்களைப் போல, ஒரே விளையாட்டைக் காலையும் மாலையும் பல நாள் தொடர்ந்து பழக்கும் இடங்கள் பிள்ளைகளிடம் உண்மையான மாற்றத்தை உண்டாக்குகின்றன. அடிமுறை என்னும் தற்காப்புக் கலையும் களியல் என்னும் கோலாட்டமும் சொல்லித் தரும் ஆசான்மார் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். களியலில் கோலை எதிராளியின் கோலோடு தாளத்துக்குத் தட்டவேண்டும்; தாளம் தப்பினால் விரலில் விழும். ஒரு மாதம் இதைப் பழகிய பையன் மற்றவரைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறான்.

நம் மாவட்டத்தில் கோடைக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருபவை தேவாலயங்களின் விடுமுறை வேதாகமப் பள்ளிகளும், கோயில்களின் சமய வகுப்புகளும், பள்ளிவாசல்களின் கோடைக்கால வகுப்புகளுமே. அவற்றின் சமயப் பயன் அந்தந்த வீட்டார் அறிவார்கள். வெளியிலிருந்து பார்க்கும் எனக்கு அவற்றின் பெரும் பலமாகத் தெரிவது வேறு: ஆறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரைப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அங்கே வரிசையில் நிறுத்திப் பாட வைக்கிறாள். பெரிய பிள்ளைகளுக்கு விடுமுறையில் என்ன கொடுப்பது என்று நாம் விழிக்கும்போது, சிறிய பிள்ளைகளின் பொறுப்பைக் கொடுத்துவிட்டால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீர்வதை இந்த வகுப்புகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆனால் இவை பத்து நாளிலோ இரண்டு வாரத்திலோ முடிந்துவிடும், மற்ற வாரங்களுக்கு ஊரில் பொதுவான ஓர் இடம் வேண்டும்.

அந்த இடம் பல ஊர்களில் ஏற்கெனவே கட்டப்பட்டு நிற்கிறது. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடு இருந்தோம். அங்கே 1945-இல் பி. என். பணிக்கர் முன்னின்று நூலகங்களை ஒருங்கிணைத்துச் சங்கம் அமைத்த காலத்தின் வாசிப்பு ஆர்வம் தெற்கேயும் பரவியிருந்தது. சாலைச் சந்திப்புகளில் இன்றும் காணும் படிப்பகங்களும் இளைஞர் மன்றங்களும் அந்த மரபில் வந்தவை. காலையில் நாளிதழ், மாலையில் கேரம் பலகை, நடுப்பகல் முழுவதும் பூட்டு என்பதே அவற்றில் பலவற்றின் இன்றைய நிலை. அந்தப் பூட்டிய நேரத்தில், பத்திலிருந்து பன்னிரண்டரை வரை, பிள்ளைகளுக்காகத் திறந்து வைத்தால் போதும். நான்கு வீட்டார் முறை வைத்துக்கொண்டு வாரத்தில் ஆளுக்கு ஒரு முற்பகலும், ஐந்தாம் நாளை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் ஏற்றால், அண்டியாபீசுக்குப் போகும் தாய் நிம்மதியாக வேலை செய்வாள். எங்கள் பகுதியில் இதை முயன்றபோது முதல் வாரம் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு மாமி, கதை ஒன்றைப் பாதி வாசித்து நிறுத்திவிட்டு, மீதியை நாளைக்கு யார் வாசித்துக் காட்டுவீர்கள் என்று கேட்டுப் போனார். அன்று மாலை அந்தப் புத்தகத்துக்கு அடிபிடி நடந்தது.

வாரத்துக்கு ஒரு நாள் வெளியே போகவேண்டும், அதுவும் கேள்வியோடு போகவேண்டும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை என்பதால் தாய்மாருக்கு இது எட்டாத செலவும் அன்று. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்க்கவேண்டும், அன்று விடுமுறை. ‘அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கு, சீட்டு மட்டும் கேரளத் தொல்லியல் துறை தருதே, ஏன்?’ என்று வாசலிலேயே கேட்டுவிட்டால், 1956-இன் வரலாறு முழுவதையும் பிள்ளையே தோண்டிக்கொள்ளும். அருகிலுள்ள உதயகிரிக் கோட்டையில் டி லனாய் கல்லறையின் மேல் தமிழும் லத்தீனும் சேர்ந்து இருக்கின்றன. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி, தன்னைப் பிடித்த மார்த்தாண்ட வர்மருக்கே படை பயிற்றுவித்த கதையை அந்தக் கல்லின் முன் நின்று கேட்டால் அது மறக்காது. ஆற்றுக்கு மேலே இன்னோர் ஆறு போல வாய்க்கால் ஓடுவது எதற்காக என்று மாத்தூர்த் தொட்டிப்பாலத்தில் கேட்கலாம். 115 அடி உயரத்தில் மலைக்கும் மலைக்கும் நடுவே நீரைக் கடத்தும் அந்தத் தொட்டி, அணை மூடியிருக்கும் மே மாதத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் என்பதால் அதன் அடித்தளத்தையே பார்க்க முடிகிறது. சமணச் சிற்பங்கள் உள்ள சிதறால் மலைக்குக் காலை எட்டு மணிக்கு முன்பே ஏறிவிடவேண்டும். சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. ஆனால் வலசைப் பறவைகள் கோடைக்கு முன்பே கிளம்பிவிடுகின்றன, அதை அரையாண்டு விடுமுறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடலோர வீடுகளுக்குக் கோடை வேறொரு வாய்ப்பைத் தருகிறது. கிழக்குக் கடற்கரைக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அதனால் சின்னமுட்டத்தை நம்பிய விசைப்படகுத் தொழிலாளர் பலர், பிள்ளைகளின் விடுமுறை முழுவதும் கரையிலேயே இருக்கிறார்கள். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல் தொடங்கி ஜூலை 31-இல் முடிவதால், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பகுதித் தகப்பன்மார் வீட்டுக்கு வரும்போது பள்ளி திறக்கும் நாள் நெருங்கிவிடுகிறது. வருமானம் நின்ற கவலையோடுதான் அந்த 61 நாள்களும் கழிகின்றன என்பதை மறந்து பேசக்கூடாது. ஆனாலும் வலை பொத்தும் தகப்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணியின் அளவுக்கு எந்த மீன் சிக்கும், எது தப்பும் என்று கேட்கும் பிள்ளைக்கு, ஆண்டில் வேறெப்போதும் கிடைக்காத ஆசிரியர் அப்போது கிடைக்கிறார்.

நாளுக்கு ஓர் ஒழுங்கு இல்லாமல் இவை எதுவும் நிற்காது. அதற்காக மணிக்கணக்கில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மூன்றாம் நாள் அது கிழிந்துவிடும். வெயில் ஏறுமுன் ஒரு வேலை, வெயிலில் நிழலும் வாசிப்பும், வெயில் தாழ்ந்தபின் விளையாட்டு என்று மூன்று முளைகள் அடித்துக் கொடுத்துவிட்டு நடுவில் உள்ள நேரத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். அந்த நடு நேரத்தில் அது சும்மா இருந்தால் இருக்கட்டும். பூவரச இலையைச் சுருட்டி, நுனியை நசுக்கிப் பீப்பி ஊதக் கற்றது யாருடைய அட்டவணையிலும் எழுதியிருந்ததில்லை. மே மாதப் பிற்பகல்களில் மேற்கே மலைப்பக்கம் கறுத்து இடி உருண்டால் விளையாட்டை நிறுத்தி வீட்டுக்குள் வரவேண்டும், மரத்தடியில் ஒதுங்கக்கூடாது என்ற ஒரு கட்டளையை மட்டும் தளர்த்தக்கூடாது.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது தூங்கும் நேரத்தை நாளுக்குக் கால்மணி நேரம் முன்னே இழுத்து வந்தால், முதல் நாள் காலை அழுகை குறையும். அந்த வாரத்தில்தான் வழக்கமாகப் பேச்சிப்பாறை அணையையும் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த சானலில் முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு நடக்கும் வேகத்தில் வரும். அதற்கு முன்னால் பிள்ளைகள் ஓடுவது எங்கள் ஊரில் ஒவ்வோர் ஆண்டும் நடப்பதுதான். சென்ற ஜூனில் ஓடியவர்களில் என் மகனும் இருந்தான். மடைப்பக்கம் நீர் சுழலும் இடம் வந்ததும் கையை விரித்து நின்று சிறிய பிள்ளைகளை மறித்தான். தோளில் அம்மாவின் பழைய சேலை ஒன்று சுருட்டிக் கிடந்தது.